கிராணி வீட்டு மரகதம்

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஈப்போ மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கும் பாய் கடையில், தே தாரேக் தேநீர் ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைக்காரப் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவர் கல்லாவை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“என்னாண்ணே, இங்க உக்காந்திருக்கீங்க? பஸ் ஸ்டேசன்ல அக்கா மௌத்தாயிட்டாங்களாம். போங்கண்ணே, போங்க!”

என் மனைவி பார்வதி அன்று காலைதான் தன் தங்கையைப் பினாங்குப் பேருந்தில் ஏற்றிவிட பஸ் ஸ்டேசனுக்குப் போயிருந்தாள். நான் எழுந்த வேகத்தில் மேசையோடு கிளாஸும் சாய்ந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். வழியில் இருவர் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்கள். அப்போதே எனக்கு உயிர் பாதி போய்விட்டது.

கோலாலம்பூரிலிருந்து வந்த பேருந்தைச் சுற்றிக் கூட்டம். விலக்கிக்கொண்டு உள்ளே போனால், நடுவில் பார்வதி நிற்கிறாள். உயிரோடு நிற்கிறாள், தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். எனக்கு வந்த நிம்மதி ஒரு மூச்சு விடும் நேரம்கூட நிலைக்கவில்லை. என்னைக் கண்டதும் அவள் பேருந்து ஜன்னலைக் காட்டினாள்.

“மரகதம் அக்காங்க. நம்ம மரகதம் அக்கா.”

டிவியில் ‘கிராணி வீடு’ பார்த்த உங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். வாராவாரம் அரை மணி நேரம் புருஷனை வறுத்தெடுத்த தெய்வானை அவர்தான். வறுபட்ட புருஷன் நான். ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் பெயர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் கிராணி கதிரேசனாகப் பத்து வருடம் அரைக்கால் சட்டையும் நீளக் காலுறையும் போட்டு நடித்தேன். உண்மையில் நான் ஈப்போவில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஆனால் பேராக்கில் ஒருவரும் அதை ஒப்புக்கொண்டதில்லை. அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள்கூட, “கிராணி, வீட்டுல தெய்வானை அக்கா சொகமா?” என்றுதான் கேட்பார்கள். சொகம் என்று சொல்லிவிட்டு, உண்மையைச் சொல்வேன். கேட்டுக்கொள்வார்கள். அடுத்த மாதம் வந்து மறுபடியும் அதையே கேட்பார்கள். அன்றும் அப்படித்தான், பஸ் ஸ்டேசனில் இறந்தவர் தெய்வானை என்ற செய்தி பாய் கடைக்கு வந்து சேர்வதற்குள் கிராணியின் மனைவி போய்விட்டாள் என்று ஆகியிருந்தது.

நானும் மரகதமும் கோலாலம்பூரில் படப்பிடிப்பு முடிந்து வழக்கமாக ஒரே பேருந்தில்தான் திரும்புவோம். இந்த முறை என் காட்சிகள் முன்பே முடிந்துவிட்டதால் நான் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டேன். அவருக்கு ஒரு காட்சி பாக்கி இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைப் பற்றிக் குறை சொல்லும் காட்சி. அதை முடித்து, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, ஞாயிறு காலையில் பேருந்து ஏறியிருக்கிறார். தாப்பாவில் இறங்கித் தேத்தண்ணி குடித்தாராம். ஈப்போவில் எல்லாரும் இறங்கிய பிறகும் ஜன்னலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். மாரடைப்பு என்று பிறகு மருத்துவர் சொன்னார். ஒரு சத்தம் போடாமல் போயிருக்கிறார். பத்து வருடமாக நான் கேட்ட அந்தக் குரல், சத்தம் போடாமல் போனது என்பதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

பேருந்துக் கண்டக்டர் நம் ஆள். ‘கிராணி வீடு’ ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை என்று என்னிடம் பிறகு அழுதபடி சொன்னவர். அவர் போய், “அக்கா, ஈப்போ வந்துருச்சு, எறங்குங்க” என்று தோளைத் தொட்டிருக்கிறார். தொட்டும் அடையாளம் தெரியவில்லை. கூட வந்த பயணிகளுக்கும் தெரியவில்லை. தற்செயலாக ஜன்னலை நிமிர்ந்து பார்த்த பார்வதிக்கு மட்டும் தெரிந்தது. ஏனென்றால், பொட்டு இல்லாத மரகதத்தை அந்த ஊரில் அறிந்தவர்கள் நாங்கள் சிலர்தான்.

மரகதம் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். லாரி ஓட்டிய மனிதர், பத்து காஜா சாலையில் விபத்தில் போய்விட்டார். மகன் குமரன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அதன் பிறகு மரகதம் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டித்தான் அவனை வளர்த்தார். டிவியில் நீங்கள் பார்த்த பெரிய பொட்டும், கதம்பமும், கழுத்தில் தாலியும் எல்லாம் தெய்வானையுடையவை. காட்சி முடிந்ததும் ஒப்பனை அறைக்குப் போய், பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பொட்டைத் துடைப்பார். பூவை எடுத்து அலமாரி மேல் வைப்பார். வெளியே வந்து, “போலாமாண்ணே?” என்பார். கேமரா முன்னால் நான் “என்னங்க”, பொட்டு அழிந்ததும் நான் “அண்ணே”. இந்த ஒழுங்கு ஒரு நாளும் மாறியதில்லை. ஒரு தடவை, “இதெல்லாம் உனக்குச் சங்கடமா இல்லையா மரகதம்?” என்று கேட்டேன். “பொட்டு வெச்சா தெய்வானை, அழிச்சா மரகதம். ரெண்டு பேருக்கும் வயிறு ஒண்ணுதாண்ணே” என்றார்.

அவரை இயக்குநர் கண்டுபிடித்த இடம் ஒரு சாவு வீடு. என் பெரியப்பா இறந்தபோது, தோட்டத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பெரியப்பாவின் குறட்டை, லயத்து வீட்டு வரிசைக்கே பிரசித்தம். பக்கத்துக் கதவுக்காரன் சுவரைத் தட்டுவான். மரகதம் மாரில் அடித்துக்கொண்டு, “லயத்தையே கொறட்டையால ஆட்டுனியே என் ராசா! இத்தன பேரு சுத்தி நின்னு கூப்புடுறோம், இன்னிக்கு ஒரு கொறட்ட விடப்படாதா!” என்று பாடினார். அழுதுகொண்டிருந்த பெரியம்மா குபீரென்று சிரித்துவிட்டு, அதன் பிறகு இன்னும் அதிகமாக அழுதார். எனக்கு உறவான இயக்குநர் அங்கே இருந்தார். பிணம் எடுப்பதற்குள்ளேயே அவர் என்னிடம், “யாருலா அந்த அம்மா?” என்று கேட்டுவிட்டார்.

நடிப்பைப் பற்றி மரகதம் சொன்னது ஒன்றுதான். “சிரிக்க வைக்கணும்னு நெனச்சா ஒருத்தன் சிரிக்க மாட்டான். நீ நெசமா கோவப்படு, அவன் தானா சிரிப்பான்.” அதனால் எல்லாம் நிஜமாக வேண்டும் அவருக்கு. நான் சாப்பிடும் காட்சி என்றால் ஸ்டுடியோ தட்டில் அட்டைச் சோறு வைக்க விடமாட்டார். பத்து காஜாவில் தன் வீட்டிலிருந்து தூக்கில் நெத்திலிச் சம்பல் கொண்டு வருவார். ஒரு முறை அதில் சீனி மிளகாயை எந்தக் கோபத்தில் அரைத்தாரோ, முதல் வாயிலேயே எனக்கு வசனம் மறந்துவிட்டது. கண்ணில் நீர் கொட்டுகிறது. கேமரா ஓடுகிறது. மரகதம் என்னை மேலும் கீழும் பார்த்து, “மொத மொதலா எஞ் சமையல நெனச்சு அழுவுறாரு. அழுவுங்க, நல்லா அழுவுங்க” என்று முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். அந்தக் காட்சியை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். நான் நன்றாக நடித்ததாக என்னைப் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டை அவர் என்னிடமிருந்து பறித்துக்கொள்ளவே இல்லை.

டிவி கறுப்பு வெள்ளையாக இருந்த வரை பொட்டால் ஒரு தொல்லையும் இல்லை. புருவத்துக்குத் தீட்டும் கறுப்பு மைக்கோலால் வட்டமாக ஒன்று வரைந்துகொள்வார். திரையில் அது குங்குமமாகத் தெரியும். அவருக்கோ அது மை. “மை வெச்சுக்கக் கூடாதுன்னு எந்தச் சாமியும் சொல்லல” என்பார். கணவரின் அண்ணன், குடும்பத்துக்கு மூத்தவர், முணுமுணுப்போடு அதைச் சகித்துக்கொண்டார். பிறகு கலர் டிவி வந்தது. இயக்குநர் சிவப்புப் பொட்டுதான் வேண்டும் என்றார். அன்று மரகதம் கண்ணாடி முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். குங்குமச் சிமிழைத் திறப்பார், மூடுவார். ஒப்பனைக்காரர் வைக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டார். கடைசியில் தானே வைத்துக்கொண்டு வந்தார். அந்த வாரம் ஒளிபரப்பானதும் மூத்தவர் வீடு தேடி வந்து, வாசலில் நின்றே, “என் தம்பி செத்தது ஊருக்கே மறந்து போச்சா?” என்று கத்திவிட்டுப் போனாராம். அதன் பிறகு அவர் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

ஆனாலும் மரகதம் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். கிராணிக்கும் தெய்வானைக்கும் கல்யாணம் நடந்த பழைய கதையை ஒரு வாரம் எடுத்தோம். தாலியை நான் கட்ட வேண்டும் என்றார் இயக்குநர். “அதெல்லாம் வேணாம். மேளம் அடிக்கிறத மட்டும் காட்டுங்க, தாலிய நானே கட்டிக்கிட்டு வாரேன்” என்றார் மரகதம். இயக்குநர் கெஞ்சிப் பார்த்தார், அசையவில்லை. பத்து வருடத்தில் அவர் கழுத்தையோ நெற்றியையோ என் கை தொட்டதில்லை. மூக்கைத் துடைத்துவிடும் உரிமை அவருக்கு மட்டும் இருந்தது.

பொட்டில்லாமல் பேருந்தில் வருவது அவருக்குப் பிடித்த வேடிக்கை. ஒரு நாள் கம்பாரில் ஏறிய இரண்டு பெண்கள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, தெய்வானையைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். “என்னா வாயி அவளுக்கு! அந்தக் கிராணி பாவம்லா” என்றாள் ஒருத்தி. மரகதம் மிகுந்த அனுதாபத்தோடு, “ஆமாக்கா, அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தா எனக்கே சோறு எறங்காது” என்றார். பின் சீட்டில் நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஈப்போ வரை அதே பக்கத்தைப் படித்தேன்.

என் வீட்டுக்கு அடிக்கடி வருவார். பார்வதிக்கு முதலில் அவரைப் பிடிக்காது. பின்னே, கோயிலுக்குப் போனால் பார்வதியை என் தங்கச்சியா என்று கேட்கிறார்கள், எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்? மரகதம்தான் ஒரு நாள் சமையலறையில் போய் உட்கார்ந்து, தேங்காய் துருவியபடி, “தங்கச்சி, பேசுறதுக்கு மட்டுந்தான் நானு, குடும்பம் நடத்துறது நீயி. அந்தக் கஷ்டம் எனக்கு வேணாம்லா” என்றார். அன்றிலிருந்து இருவரும் ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. ஒரு நவராத்திரியின்போது பார்வதி வந்த பெண்களுக்கெல்லாம் குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்தவள், மரகதத்தின் முன்னாலும் தட்டை நீட்டிவிட்டாள். கை தவறி நீட்டவில்லை, வேண்டுமென்றே நீட்டினாள். மரகதத்தின் கை தட்டு வரை வந்தது. அப்புறம் சிரித்துவிட்டு, “கேமரா இல்லாம எப்படி வைக்கிறது? டைரக்டர் சொல்லணுமே” என்று கையை எடுத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். பார்வதி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கை தட்டு வரை வந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

பேருந்தில் இறந்த மறுநாள், மரகதத்தைப் பத்து காஜாவில் அவர் வீட்டில் கிடத்தியிருந்தார்கள். மூத்தவர் வந்து எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். முறைப்படி வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. குமரன் தூணாய் நின்றான். எனக்கு அது மரகதமாகத்தான் தெரிந்தது, பேருந்தில் பக்கத்தில் வரும் மரகதம். வாசலில் நின்ற என் கையைப் பிடித்து ஊரார் வரிசையாக ஆறுதல் சொன்னார்கள். “மனச விட்டுறாதீங்க கிராணி.” பார்வதி என் பக்கத்திலேயே நின்றாள். யாருக்குத்தான் விளக்கம் சொல்வது?

நடுப்பகலில் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. வேலைக்குப் போகாமல் வந்த பெண்கள். இறங்கும்போதே கையில் தட்டுகள். மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், மல்லிகை, அரக்குச் சிவப்பில் ஒரு கூறைச்சேலை. புருஷன் இருக்கப் பூவோடு போகும் சுமங்கலிக்குச் செய்யும் சீர். உள்ளே போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“இது யாரு?” என்றாள் முன்னால் நின்ற பெண். “வீடு மாறி வந்துட்டோமா?”

திரும்பியவள் கண்ணில் நான் பட்டேன். அவள் குரல் வீறிட்டது. “ஐயோ, கிராணி இங்கதான் நிக்கிறாரு! அண்ணே, என்னாண்ணே அநியாயம் இது? நீங்க உசிரோட கல்லுமாதிரி நிக்கையில அக்காவ வெள்ளையில கெடத்தியிருக்காங்களே, பாத்துக்கிட்டு சும்மாவா நிக்கிறீங்க?”

“யாருடி புருசன்?” மூத்தவர் பாய்ந்து வந்தார். “அவன் கூத்தாடி! இவ புருசன் எந் தம்பி. அவன் செத்து மண்ணோட மண்ணாயிட்டான். இவ தாலி அறுத்தவ!”

நான் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆமாம், அவர் விதவை, நான் நடித்தவன், இதோ இவள்தான் என் மனைவி என்று சொன்னேன். ஒரு பெண்ணின் கையிலிருந்து வளையல் தட்டு விழுந்து சிதறியது. பத்து வருடம் தோட்டத்து ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்கள். அந்த முகங்களை என்னால் மறக்க முடியவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால், தட்டு எதுவும் ஏந்தாமல், ஒதுங்கி ஒரு பெண் நின்றிருந்தாள். வடிவு என்று பிறகு பெயர் சொன்னாள். அவள் நெற்றியும் வெறும் நெற்றி. மெல்ல விலக்கிக்கொண்டு வந்து, மரகதத்தின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

“அறுத்தவளா நீயி? எங்கள மாதிரியா? எங்கள மாதிரி இருந்துக்கிட்டா எங்களச் சிரிக்க வெச்ச?” என்றாள். அப்புறம் மாரில் அறைந்துகொண்டு குரலெடுத்தாள். “வாராவாரம் ஏசுவியே என் தாயி, வாய் ஓயாம ஏசுவியே! நாங்க வீடு மாறி வந்தம்னு ஒரு வார்த்த ஏசப்படாதா!”

அங்கிருந்த எல்லாரும் அழுதோம். அழுது ஓய்ந்ததும் வடிவு எழுந்து என்னைப் பார்த்தாள். “எங்களுக்குத் தெரிஞ்ச முகத்தோட அனுப்புங்கண்ணே. இந்த முகத்த பஸ்ஸுல ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியலயாமே. குங்குமத்த நீங்களே வெச்சி விடுங்க.”

தட்டு என் முன்னால் நீண்டது. என்னால் முடியாது. தாலியைத் தானே கட்டிக்கொண்டு வந்தவர், நெற்றியைத் தொட விடாதவர். சாகும்வரை அவர் போட்ட கோட்டை, அவர் தடுக்க முடியாத நேரத்தில் நான் தாண்டுவதா? வைக்காமல் விட்டால், கண்டக்டருக்கே அடையாளம் தெரியாத முகத்தோடு அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்புவதா? நான் பின்வாங்கினேன். “பாத்தீங்களா, அவனுக்கே தெரியுது” என்றார் மூத்தவர்.

அப்போது பார்வதி தட்டை வாங்கினாள்.

மூத்தவர் குறுக்கே வந்தார். பார்வதி அவரைப் பார்க்கவில்லை, குமரனைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கிராணி மகன் என்று கேலி செய்யப்பட்டு வளர்ந்தவன் அவன். மரகதத்தைப் பொட்டோடும் பொட்டில்லாமலும் பார்த்தவன். அவன் மூத்தவரின் கையைப் பிடித்து ஒதுக்கி நிறுத்தினான். “வைங்க அத்த” என்றான்.

பார்வதி மண்டியிட்டாள். “டைரக்டர் சொல்லணும்னு சொன்னீங்களேக்கா அன்னைக்கு. இன்னைக்கு நான் சொல்றேன்.” மோதிர விரலால் குங்குமம் எடுத்து, பெரிதாக, வட்டமாக வைத்தாள். வந்திருந்தவர்களில் யாரோ, “தெய்வானை” என்று விம்மினார்கள். சேலையை மாற்றவில்லை. வெள்ளைச் சேலையும் சிவப்புப் பொட்டுமாகத்தான் மரகதம் போனார். இரண்டு பேருமாகப் போனார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்த நெற்றியிலிருந்து துளி தொட்டுத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். வடிவு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பார்வதி அவள் கையைப் பிடித்து இழுத்து, அவள் நெற்றியிலும் வைத்தாள். வடிவு அதை அழிக்கவில்லை. லாரி ஏறும் வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம், வேலியோரத்தில் எடுத்த கடைசிக் காட்சி டிவியில் வந்தது. பார்வதி பார்த்தாள். நான் பின்கட்டில் உட்கார்ந்து குரலை மட்டும் கேட்டேன். என்னை ஏசிக்கொண்டிருந்தார்.

அவருடைய மைக்கோலை ஒப்பனைக்காரர் எனக்குக் கொடுத்தார். மேசையில் இருக்கிறது. ஆனால் மரகதத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவல்ல. போன வாரம் பார்வதியும் நானும் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். முன்பின் தெரியாத ஓர் அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“கிராணி, கேள்விப்பட்டேன்லா. அக்கா இல்லாம எப்படித் தாங்குறீங்க?”

இவள்தான் என் மனைவி என்று பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். திறந்தேன். பார்வதி என் முழங்கையை அழுத்தினாள்.

“கஷ்டமாத்தான் இருக்கும்மா” என்றேன்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்வதியைப் பார்த்தார். “நீங்க அக்காவுக்கு என்னா வேணும்?”

“தங்கச்சி” என்றாள் பார்வதி.